எல்லைக்கோட்டில் அறுபடும் சிகிச்சை

டெக்சாஸில் படிக்கும் மாணவி ஒருத்தி, மனச்சோர்வுக்கு அங்குள்ள உளவியலாளரிடம் காணொளி வழியே சிகிச்சை பெறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வேலை கிடைத்துக் கலிஃபோர்னியாவுக்குக் குடிபோகிறாள். சிகிச்சை அதோடு நின்றுவிடக்கூடும். நோயாளி எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அந்த மாநிலத்தின் உரிமம் வேண்டும் என்பது அமெரிக்க நடைமுறை. வெளிமாநில உளவியலாளருக்குக் கலிஃபோர்னியா ஆண்டுக்கு 30 நாள் சலுகை தருகிறது. மனச்சோர்வு நாள்காட்டி பார்த்தா விடைபெறுகிறது?

தகுதியில் பெரிய வேறுபாடு இருந்தால் இந்தக் கெடுபிடியைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் உளவியலாளர்கள் நாடு முழுவதும் எழுதுவது ஒரே தேசியத் தேர்வுதான். கொரோனா பரவிய 2020இல் பல மாநிலங்கள் இந்த விதியைத் தளர்த்தின. பின்னர் மீண்டும் இறுக்கின. முன்னாள் படைவீரர்களுக்கோ, அவர்களது நலத்துறையின் உளவியலாளர் ஒரே மாநில உரிமத்துடன் நாடெங்கும் தொலைவழிச் சிகிச்சை தரலாம் என 2018இலேயே மத்திய அரசு விதி செய்துவிட்டது. படைவீரருக்குப் பாதுகாப்பானது அவர் மகளுக்கு மட்டும் ஆபத்தாகிவிடுமா?

வெளிமாநிலத்திலிருந்து சிகிச்சை தந்து தவறு செய்பவரை யார் தண்டிப்பது என்பதே விதித் தளர்வை எதிர்ப்பவர்களின் கேள்வி. நியாயமான கேள்வி, விடையும் இருக்கிறது. ‘சைபேக்ட்’ என்ற மாநிலங்களுக்கிடையிலான உடன்படிக்கையில் 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்துள்ளன. அதன்படி, நோயாளி இருக்கும் மாநிலத்தின் தொழில் வரம்புக்கு உளவியலாளர் கட்டுப்பட வேண்டும். மீறினால் அங்கே சிகிச்சை தரும் அனுமதியை அந்த மாநிலமே பறிக்கலாம். ஒழுங்கு நடவடிக்கை பற்றிய தகவல்களை மாநிலங்கள் பகிர்ந்துகொள்ளவும் வேண்டும். டெக்சாஸ் 2019இலேயே இதை ஏற்றது. கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் இன்னும் சேரவில்லை.

இந்தப் பிடிவாதம் சிறுபான்மை மொழி பேசுவோரை இன்னும் கடுமையாக வதைக்கிறது. மகன் வீட்டோடு வந்து தங்கிவிட்ட ஒரு தாய்க்குத் தமிழில்தான் மனம்விட்டுப் பேச வரும். தமிழ் தெரிந்த உளவியலாளர் பக்கத்து மாநிலத்தில் இருந்தும், அவரிடம் பேசச் சட்டம் குறுக்கே நிற்கிறது. அந்தத் தாயை வாயடைக்க வைப்பதற்குப் பெயர் நோயாளிப் பாதுகாப்பு அல்ல, அநீதி.

கலிஃபோர்னியா, நியூயார்க் சட்டமன்றங்கள் தாமதமின்றி உடன்படிக்கையில் சேர வேண்டும். அதுவரை, ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்கள் இடம் மாறினால் அதே உளவியலாளரிடம் தொடர்வதையாவது உடனே அனுமதிக்க வேண்டும்.