சிவப்பு வண்ணம் பூசிய அடிகுழாய்

வங்காளதேசத்துக் கிராமங்களில் அடிகுழாய்கள் சிலவற்றுக்குச் சிவப்பும் சிலவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். அழகுக்காக அன்று. குளத்து நீரும் ஆற்று நீரும் வயிற்றுப்போக்கால் குழந்தைகளை வாரிக்கொண்டு போனமையால், 1970களிலிருந்து அரசும் யுனிசெஃப் நிறுவனமும் ஊர்தோறும் குழாய்க் கிணறுகளை இறக்கின. நல்லெண்ணத்தோடு செய்த பணிதான். ஆனால் நிலத்தடி மண்ணில் ஆர்சனிக் என்னும் பாஷாணம் இயல்பாகவே கலந்திருந்தது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. 1993இல்தான் அங்கு உண்மை வெளிப்பட்டது. பின்னர் ஏறத்தாழ 50 இலட்சம் கிணறுகளைச் சோதித்ததில், சுமார் 14 இலட்சத்துக்குச் சிவப்பு பூச நேர்ந்தது.

இந்தச் சிவப்பை மனத்தில் வைத்துக்கொண்டு, வாசகர்கள் நம்மோடு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்கு வரவேண்டும். 2006ஆம் ஆண்டில் அங்குள்ள பல்கலைக்கழக மாணவர் குழு ஒன்று, நீரிலுள்ள ஆர்சனிக்கைக் காட்டிக்கொடுக்கும் நுண்ணுயிரை ஆக்க முனைந்தது. மரபணுக்களை இயந்திர உறுப்புகளைப்போல் இணைத்து, உயிர்களிடம் புதுவேலை வாங்கும் கலையைச் செயற்கை உயிரியல் என்கின்றனர். அத்துறை மாணவர்களுக்கென 2004இல் அமெரிக்காவில் ஐந்து குழுக்களோடு தொடங்கிய 'ஐஜெம்' போட்டிக்காகவே இவர்கள் உழைத்தனர்.

பால் ஏன் புளிக்கிறது? பாலிலுள்ள சர்க்கரையை நுண்ணுயிர்கள் அமிலமாக்குவதால். மாணவர்கள் இந்த ஆற்றலை, ஆர்சனிக்கை உணரும் மரபணு விசையோடு பூட்டினர். நஞ்சு இருந்தால் அமிலம் பெருகும். கலந்துவைத்த சாயம் நிறம் மாறும். உலக சுகாதார நிறுவனம் வரம்பாகக் கூறும் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் அளவையும் அது ஆய்வகத்தில் காட்டிவிட்டது. வங்காளதேசத்தில் பச்சை பூசியதோ 50 மைக்ரோகிராம் வரை உள்ள குழாய்களுக்கு என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

பிற்காலத்தில் இப்போட்டியில், ஆய்வின் தரத்தோடு, மாணவர்கள் மக்களிடம் சென்று பேசியதையும் கேட்டதையும் சீர்தூக்கும் வழக்கம் வந்தது. ஆகவே குழுக்கள் பள்ளிகளுக்குச் செல்கின்றன. பழத்தை உப்பும் சோப்புக் கரைசலும் சேர்த்துப் பிசைந்து, வடிகட்டி, குளிர்ந்த எரிசாராயத்தை மேலே மெல்ல வார்த்தால், டி.என்.ஏ. வெண்ணூலாய்த் திரண்டுவரும். காணும் சிறுவர் எளிதில் மறவார். நல்லதே. எனினும் துண்டுப் பிரசுரத்தோடும் நிழற்படத்தோடும் முடிந்துவிடும் தொண்டை நாம் பெரிதாக மெச்சுவதற்கில்லை. பேசுவது எளிது, கேட்பதன்றோ கடினம்!

சிவப்புக் குழாய் வீட்டுத் தாயிடம் யாரேனும் கேட்கட்டும். நஞ்சு என்று சொல்லிவிட்டீர்கள், இனி எந்த நீரைக் குடிப்பது என்றுதானே அவள் திருப்பிக் கேட்பாள்? பச்சைக் குழாய் தொலைவில், பிறர் முற்றத்தில் இருக்கலாம். தோலில் கரும்புள்ளி கண்டவர்களைத் தொற்றுநோயாளரைப்போல் ஒதுக்கினர். பெண்களின் திருமணம் தடைப்பட்டது. வண்ணப்பூச்சு இதற்கெல்லாம் மருந்தாகவில்லை. எடின்பரோ மாணவர்களின் நிறம் மாறும் குப்பியும் தனித்து மருந்தாகாது.

அன்றியும், குப்பியில் இருப்பது மரபணு மாற்றப்பட்ட உயிர். அதை ஆய்வகத்துக்கு வெளியே கொண்டுபோகப் பல நாடுகளில் தனி அனுமதி வேண்டும், வேண்டியதுதான். சட்டம் இசைந்தாலும் அந்தத் தாயின் இசைவு யாரிடம் கேட்கப்பட்டது? சோதனை முடிந்தபின் குப்பியை அவள் எங்கே கொட்டுவாள்? குளத்திலா, கொல்லையிலா?