காடா, விவசாயியா என்பது பொய்க் கேள்வி

எண்ணெய்ப்பனை குறித்த விவாதங்களில் ஒரு கேள்வி தொடர்ந்து முன்வைக்கப்படுகிறது: காட்டைக் காப்பதா, சிறு விவசாயியை வாழவைப்பதா? இவ்விரண்டையும் ஒருசேரப் பறிப்பது எது என்பதே நாம் எழுப்ப வேண்டிய கேள்வி.

2021 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை 11,040 கோடி ரூபாயில் எண்ணெய்ப்பனைக்கான தேசிய இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. புதிதாக 6.5 லட்சம் ஹெக்டேரில் நடுவது இலக்கு. அதில் 3.28 லட்சம் ஹெக்டேர் வடகிழக்கு மாநிலங்களுக்குரியது. அங்கே நிலம் எங்கிருந்து வரும்? பழங்குடி மக்களின் ஜூம் சாகுபடி நிலங்களை அரசின் நிலவரைபடத் தொகுப்பு பாழ்நிலங்களின் பட்டியலில் சேர்த்துள்ளது. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் அச்சொல்லை அப்படியே தமிழாக்க எனக்கு மனம் ஒப்புவதில்லை. பயிரிட்டபின் காடு மீண்டும் தழைப்பதற்காக ஓய்வு கொடுக்கப்பட்ட நிலம் அது. மிசோரமின் தம்பா புலிகள் காப்பகப் பகுதியில் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வு, எண்ணெய்ப்பனைத் தோட்டங்களைவிட ஜூம் நிலப்பரப்பிலேயே காட்டுப் பறவைகள் மிகுதி என்று காட்டியது.

காடு போனாலும் விவசாயியாவது பிழைக்கிறாரா? நட்டபின் விளைச்சலுக்கு நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வெட்டிய குலையை ஓரிரு நாளில் ஆலையில் சேர்த்தாக வேண்டும். மிசோரமில் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாவட்டங்கள் தனியார் நிறுவனங்களுக்குப் பிரித்தளிக்கப்பட்டன. மழையில் மலைச்சாலை துண்டிக்கப்பட்டாலோ, நிறுவனம் கொள்முதலை நிறுத்தினாலோ, குலை அழுகுவதைப் பார்த்து நிற்பதன்றி விவசாயிக்கு வேறு வழியில்லை. ஒன்றிய அரசின் விலை உறுதிக்கும் 2037 நவம்பர் 1 என்று கெடு வைக்கப்பட்டுள்ளது. மரமோ 25 ஆண்டுகளுக்கு மேல் நிற்கும்!

விலையை உலகச் சந்தையே தீர்மானிக்கிறது. 2022 ஏப்ரலில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைத் தடை செய்தபோது அங்கே குலையின் விலை சரிந்து, சிறு விவசாயிகள் ஜகார்த்தா வீதிகளில் போராடினர். நமது ஒன்றிய அரசோ, எண்ணெய்ப்பனை நடுமாறு ஊக்குவித்துக்கொண்டே, 2025 மே மாதம் கச்சா பாமாயிலின் அடிப்படை இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்தது.

தமிழ்நாட்டு ரேஷன் கடையில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் உழைக்கும் மக்களின் அடுப்படித் தேவை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 1986இல் தொடங்கிய எண்ணெய்வித்து இயக்கத்தால், நிலக்கடலையும் கடுகும் பயிரிட்ட விவசாயிகளைக் கொண்டே 1990களின் தொடக்கத்தில் நாடு ஏறத்தாழத் தன்னிறைவை எட்டியது. தாராளமய இறக்குமதியே அதனைச் சிதைத்தது.

எனவே, ஏற்கெனவே நட்ட விவசாயிகளைக் கைவிடாமல் அவர்களுக்கு மரத்தின் ஆயுள் முழுமைக்கும் விலை உறுதி வேண்டும். தெலங்கானாவின் அஸ்வாராவ்பேட்டையில் கூட்டுறவு இணையம் ஆலை நடத்துவதுபோல் மலைமாநிலங்களிலும் கூட்டுறவு ஆலைகள் வேண்டும். காட்டிலும் ஜூம் நிலத்திலும் புதிய நடவு கூடாது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் முழுமையாகச் செயல்பட வேண்டும். எள்ளுக்கும் நிலக்கடலைக்கும் சட்டபூர்வ ஆதரவு விலையும் அரசுக் கொள்முதலும் வேண்டும். காட்டின் காவலர்களும் நிலத்தின் உழைப்பாளர்களும் ஒரே மக்கள். அவர்களைப் பிரிக்கும் வாதத்தை முறியடிப்பது நம் கடமை.