புதுப் பதிப்பு என்னும் மூடநம்பிக்கை

மென்பொருள் துறையில் ஒருவரைக் கூனிக் குறுக வைக்க ஒரு கேள்வி போதும்: "இன்னும் பழைய வெர்ஷன்லயா இருக்கீங்க?" கேட்பவர் குரலில் பாதி இரக்கம், பாதி ஏளனம். பதில் சொல்பவர் குளிக்காமல் வேலைக்கு வந்தவர்போல நெளிவார். புதியதுதான் சிறந்தது, புதியதுதான் பாதுகாப்பானது, வெளியான அன்றே மாறிவிடுவதுதான் பொறுப்பான பொறியாளருக்கு அழகு என்ற எண்ணம் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. திறமூலக் கருவிகள் விஷயத்தில் இது இன்னும் முற்றியிருக்கிறது. காசு இல்லை, ஒரு கட்டளை தட்டினால் வந்து விழுகிறது, பிறகு ஏன் காத்திருக்க வேண்டும்?

இந்த நம்பிக்கை தவறு என்பது பாதி உண்மைதான். இதை நம்பியே காய் நகர்த்துகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்பது மீதி.

எக்ஸ்-இசட் யூட்டில்ஸ் கதையை எடுத்துக்கொள்வோம். கோப்புகளைச் சுருக்கும் சாதாரணக் கருவி. ஏறத்தாழ எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருக்கும். பல ஆண்டுகளாக அதை லாசே காலின் என்ற ஒரே மனிதர், சம்பளம் இல்லாமல் பராமரித்து வந்தார். 2022-இல் முன்பின் தெரியாத சில கணக்குகள் அவரை நச்சரிக்கத் தொடங்கின: வேலை மெதுவாக நடக்கிறது, புதுப் பதிப்பு எங்கே, புதுப் பராமரிப்பாளரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பணிவாக வந்து, ஒழுங்காக வேலை செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, கடைசியில் பதிப்பு வெளியிடும் அதிகாரத்தையே கையில் வாங்கினார். 2024 பிப்ரவரி 24 அன்று 5.6.0 வெளிவந்தது. அதற்குள், எஸ்எஸ்எச் வழியாக வெளியாள் கணினிக்குள் நுழைய ஒரு பின்வாசல் இருந்தது.

அது ஒளித்துவைக்கப்பட்டிருந்த இடத்தை டெஸ்டிங் தொழிலில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். கெட்டுப்போன கோப்பைக் கொடுத்தால் நிரல் சரியாகக் கையாளுகிறதா என்று பார்க்க எல்லோரும் சில சோதனைக் கோப்புகளை வைத்திருப்போம். நச்சு நிரல் அப்படிப்பட்ட கோப்புகளுக்குள்தான் இருந்தது. உடைந்த கோப்பு உடைந்ததாகத்தானே தெரியும், யார் சந்தேகப்படுவார்கள்? அதை வெளியே எடுத்து ஓட்டுகிற சிறு துணுக்கோ மூல நிரல் களஞ்சியத்தில் இல்லை; அதிகாரபூர்வமாக வெளியிடப்பட்ட பொட்டலத்தில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்தது. களஞ்சியத்தை வரிவரியாகப் படித்தவருக்கும் அந்தத் துணுக்கு கண்ணில் பட்டிருக்காது. "ரிலீஸ்" என்ற முத்திரையே இங்கே ஆயுதம்.

வெளியிட்ட பிறகு ஜியா டானும் அவர் பக்கம் நின்ற அடையாளமற்ற கணக்குகளும் என்ன செய்தார்கள்? ஃபெடோரா, டெபியன், உபுண்டு ஆட்களிடம் போய், புதிய பதிப்பைச் சீக்கிரம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். மிரட்டவில்லை, லஞ்சம் கொடுக்கவில்லை. புதியது நல்லது என்று நாம் ஏற்கெனவே நம்புகிறோமே, அது போதுமாக இருந்தது.

சிக்கியவர்கள் முன்வரிசையில் நின்றவர்கள்: டெபியனின் சோதனைக் கிளைகள், ஃபெடோரா ராஹைட், ஓப்பன்சூசே டம்பிள்வீட், காளி லினக்ஸ். பழைய பதிப்போடு அமைதியாக இருந்த டெபியன் ஸ்டேபிளுக்கும் ரெட்ஹாட் எண்டர்பிரைசுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவற்றைத்தான் நம் ஆட்கள் "அரதப்பழசு" என்று கிண்டல் செய்கிறார்கள்.

இது ஏதோ ஒருமுறை நடந்த விபத்து என்று தள்ள முடியாது. இணையப் போக்குவரத்தை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ஹார்ட்பிளீட் ஓட்டை 2014 ஏப்ரலில் அம்பலமானபோது, 2012-இல் வந்த 1.0.1 வரிசைக்கு மாறியவர்களின் சர்வர் நினைவகம்தான் வெளியே கசிந்தது. 0.9.8-இலும் 1.0.0-இலும் இருந்தவர்களுக்கு அந்த ஓட்டையே கிடையாது. டெஸ்டுக்குப் பொய்யான பெயர், முகவரி, தொலைபேசி எண் தயாரித்துக் கொடுக்கும் ஃபேக்கர் ஜேஎஸ்ஸை 2022 ஜனவரியில் அதை எழுதியவரே காலி செய்து 6.6.6 என்ற எண்ணில் வெளியிட்டார். அவருடைய இன்னொரு நூலகமான கலர்ஸ், 1.4.1 பதிப்பில் முடிவில்லாமல் குப்பையை அச்சடித்துக்கொண்டே இருந்தது. 2025 ஜூலையில் ஈஎஸ்லிண்ட்-கான்ஃபிக்-பிரெட்டியர், செப்டம்பரில் சாக், டீபக் முதலிய நூலகங்கள். பராமரிப்பாளரைப் போலி மின்னஞ்சலால் ஏமாற்றி, அவர் பெயரிலேயே நச்சுப் பதிப்புகளை ஏற்றினார்கள். செப்டம்பரில் சிக்கிய நூலகங்கள் எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 200 கோடி முறைக்கு மேல் இறக்கப்படுபவை. நச்சு சில மணி நேரத்தில் கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்டது. அந்தச் சில மணி நேரத்தில் அடிபட்டவர்கள் யார்? வந்ததும் எடுத்துக்கொள்ளும்படி கணினியைப் பழக்கி வைத்திருந்தவர்கள்.

பழக்கி வைப்பது என்று சொன்னேன். பெரும்பாலானோர் அதைத் தெரிந்து செய்வதில்லை. ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களை இறக்கித் தரும் என்பிஎம்மில் ஒரு நூலகத்தைச் சேர்த்தால் பதிப்பு எண்ணுக்கு முன்னால் ^ என்ற குறியை அதுவே போட்டுவிடும். 1.4.0 என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, பூட்டுக் கோப்பு (லாக் ஃபைல்) இல்லாத இடத்தில் அது 1.4.1-ஐக் கேட்காமலே கொண்டுவரும். பைத்தானில் இன்னும் மோசம்: தேவைப் பட்டியல் கோப்பில் "செலினியம்" என்று பெயரை மட்டும் எழுதி, எண்ணை விட்டுவிடுகிறார்கள்.

அதன் பலன் 2022-இல் தெரிந்தது. உலாவி டெஸ்டுகளுக்கான செலினியத்தின் பைத்தான் பதிப்பு 4.3-இல், ஃபைண்ட் எலிமென்ட் பை ஐடி, பை நேம், பை எக்ஸ்பாத் என்ற பழைய அழைப்புகள் மொத்தமாக நீக்கப்பட்டன. 4.2-இலிருந்து 4.3, எண்ணைப் பார்த்தால் சின்னப் படிதான். ஆனால் பதிப்பைப் பூட்டாத இடங்களில், நேற்று இரவு பச்சையாக இருந்த டெஸ்டுகள் காலையில் சிவப்பு. யாரும் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. செலினியம் குழுவைக் குறை சொல்ல மாட்டேன். இவை போகப்போகின்றன என்ற எச்சரிக்கை அதற்கு முன்பே திரையில் ஓடிக்கொண்டிருந்தது. ஓடியதை யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான். புதுப் பதிப்பு மோகத்தின் விசித்திரம் இது: பதிப்பு வேண்டும், அதோடு வரும் குறிப்பைப் படிக்க மட்டும் நேரம் இருக்காது. இப்போது டிபெண்டபாட் மாதிரி இயந்திரங்கள் தாமாகவே "இதற்கு மாறு" என்று கோரிக்கை வைக்கின்றன. பச்சை டிக் வந்ததும் நாம் மெர்ஜ் பட்டனை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போகிறோம்.

எதிர்வாதம் தெரியும்: பழசிலேயே இருந்தால் ஆபத்து. 2017 மார்ச் 7 அன்று அப்பாச்சி ஸ்ட்ரட்ஸுக்கு ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது. அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் நிறுவனம் அதைப் போடாமல் விட்டது; மே மாதம் உள்ளே புகுந்தவர்கள் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். உண்மை. இதற்கு மன்னிப்பே கிடையாது. ஆனால் ஸ்ட்ரட்ஸ் விஷயத்தில் வந்தது, ஓட்டை இன்னதென்று அறிவித்து அதை அடைக்க வந்த திருத்தம். அதை அன்றே போட வேண்டும், இரவு உட்கார்ந்தாவது போட வேண்டும். புது வசதிகளோடு வருகிற பதிப்பு வேறு ஜாதி. இரண்டுக்கும் "அப்டேட்" என்று ஒரே பெயர் வைத்துக் குழப்புவதில்தான் இந்த மூடநம்பிக்கை உயிர் வாழ்கிறது. ரெட்ஹாட்டும் டெபியனும் இந்த வித்தியாசத்தை வைத்தே நடக்கின்றன: பதிப்பைப் பழையதாகவே வைத்துக்கொண்டு, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பின்னோக்கி எடுத்து வந்து ஒட்டுகின்றன. அலுப்பான வேலை. விளம்பரத்தில் போட முடியாது.

எல்லோரும் காத்திருந்தால் கோளாறை யார் கண்டுபிடிப்பது என்பார்கள். நியாயமான கேள்வி, ஆனால் விடை எக்ஸ்-இசட் கதையிலேயே இருக்கிறது. அந்தப் பின்வாசலைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், போஸ்ட்கிரெஸ் நிரலாளர். டெபியனின் நிலையற்ற கிளையில் வேக அளவீடு செய்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்எச் உள்நுழைவு ஏன் அரை நொடி கூடுதலாக எடுக்கிறது என்று சந்தேகப்பட்டார். சில வாரங்களுக்கு முன் தானியங்கிச் சோதனையில் வால்கிரைண்ட் என்ற நினைவகப் பிழை தேடும் கருவி கொடுத்த விநோதமான புகாரும் அவர் நினைவில் இருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு, 2024 மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். புதியதை அவர் சோதனைக் கணினியில் வைத்துச் சந்தேகத்தோடு பார்த்தார். நாமோ கும்பிட்டு வாங்கி நேரே புரொடக்‌ஷனில் ஏற்றுகிறோம்.

கருவி செய்பவர்களுக்கே இப்போது இது உறைத்திருக்கிறது. 2025 செப்டம்பரில் என்பிஎம்முக்கு மாற்றான பிஎன்பிஎம் 10.16 ஒரு அமைப்பைக் கொண்டுவந்தது: வெளியாகி இத்தனை நிமிடம் ஆகாத எந்தப் பதிப்பையும் தொடாதே என்று சொல்லிவைக்கலாம். புதியதைத் தள்ளிப்போடுவதற்கென்றே ஒரு புதிய வசதி! சிரிப்பு வந்தாலும் அது சரியான முடிவு.

ஆகவே சென்னையிலோ கோவையிலோ டீம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நேர்காணலில் "எந்த வெர்ஷன் தெரியும்?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "கடைசியாக எந்தப் பதிப்பை வேண்டாம் என்று நிறுத்திவைத்தீர்கள், ஏன்?" என்று கேளுங்கள். நாளை காலை வேலைக்குப் போனதும் தேவைப் பட்டியல் கோப்பைத் திறந்து, எண் இல்லாத வரிகளுக்கெல்லாம் எண் போடுங்கள்.