பம்பர் நல்லாத்தான் இருக்கு, உள்ள பேனல் போச்சு: கிளெய்ம் போடலாமா, கைக்காசு போடலாமா?

வில்லுக்குறி பக்கம், சாயங்கால டிராஃபிக். மழை பெஞ்சு ரோடு வழுக்குது. முன்னாடி போன டெம்போ சட்டுனு பிரேக் அடிக்குது. நீங்களும் அடிக்கிறீங்க, ஆனா வண்டி ஒரு அடி தள்ளிப் போய்த்தான் நிக்குது. 'டப்'னு ஒரு சத்தம். டெம்போக்காரர் இறங்கி அவர் வண்டியப் பாக்குறாரு. பின்னாடி இரும்புக் கம்பி, அதுக்கு ஒண்ணும் ஆகல. "போங்க தம்பி, பாத்து வாங்க"ன்னு சொல்லிட்டுப் போயிடுறாரு. உங்க பம்பர்லயும் ஒரு கீறல்தான். தப்பிச்சோம்டா சாமின்னு வீட்டுக்கு வந்துடுறீங்க.

என் கூடப் படிச்ச ஒருத்தனுக்கு நடந்தது இது. தக்கலையில இருந்து டெக்னோபார்க்குக்கு தினமும் போய்ட்டு வர்றவன். மூணு வாரம் கழிச்சு ஏசி குளிரல. அப்புறம் டெம்பரேச்சர் முள்ளு ஏற ஆரம்பிச்சது. ஒர்க் ஷாப்புல பம்பரைக் கழட்டிப் பார்த்தா, ரேடியேட்டர் சப்போர்ட் பேனல் உள்ள வளைஞ்சு கிடக்கு, ஒரு வெல்டிங் விட்டுப் போயிருக்கு. கண்டென்சர் அதுல உரசி உரசி ஓட்டை. இன்சூரன்ஸுக்கு போன் போட்டா முதல் கேள்வியே, "சார், அன்னைக்கே ஏன் சொல்லல?" கடைசியில நாற்பதாயிரத்துக்கு மேல கைக்காசு. மாசச் சம்பளத்துல ஈஎம்ஐ போக மிச்சம் வர்றதை வெச்சு ஓட்டுறவனுக்கு அது சின்னத் தொகை இல்ல.

இந்தப் பதிவு அவனுக்காக எழுதினதுன்னே வெச்சுக்கோங்க.

முதல்ல அந்தப் பேனல் என்னன்னு பார்த்துடுவோம். பானெட்டைத் தூக்கினா, ஹெட்லைட் ரெண்டுக்கும் நடுவுல குறுக்க ஒரு சட்டம் தெரியும்ல, அதுதான். ரேடியேட்டர், ஏசி கண்டென்சர், ஃபேன் எல்லாம் அதைப் பிடிச்சுத்தான் நிக்குது. பானெட் லாக் அதுலதான் இருக்கு. பல மாடல்ல ஏர்பேக்குக்கான முன்பக்க சென்சாரும் அதுலயோ அதுக்குப் பக்கத்துலயோதான் இருக்கும். ஆனா வெளியில இருந்து பார்த்தா தெரியாது. பம்பர் பிளாஸ்டிக், அடிபட்டா உள்ள போயிட்டு திரும்ப எழும்பி நின்னுக்கும். பேனல் இரும்பா இருந்தா வளைஞ்சது வளைஞ்சதுதான். பானெட்டுக்கும் ஹெட்லைட்டுக்கும் இடையில உள்ள இடைவெளி ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைச்சலா இருந்தாலோ, பானெட்டை மூட ரெண்டு தடவை தட்ட வேண்டி வந்தாலோ, உள்ள வேலை இருக்குன்னு அர்த்தம்.

இப்போ காசு விஷயத்துக்கு வருவோம். நம்ம ஆளுங்க இதுல ரெண்டு கட்சி. ஒரு கட்சிக்கு சின்னக் கீறலுக்கும் கிளெய்ம் போடணும், "பிரீமியம் கட்டுறோம்ல!" இன்னொரு கட்சி என்.சி.பி போயிடும்னு பயந்து, பெரிய அடிக்கும் கைக்காசு போட்டு லோக்கல்ல டிங்கரிங் பண்ணிடும். ரெண்டு பேருமே கணக்குப் போட்டுப் பார்க்கிறது இல்ல. இதுல ரெண்டாவது கட்சி மேலதான் எனக்குக் கோபம் ஜாஸ்தி. ஏன்னு சொல்றேன்.

என்.சி.பி-ங்கிறது கிளெய்ம் இல்லாத வருஷங்களுக்குக் கிடைக்கிற தள்ளுபடி. 20, 25, 35, 45, 50 சதவீதம்னு அஞ்சு படி. இது ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு மட்டும்தான், தேர்ட் பார்ட்டி பிரீமியத்துக்குக் கிடையாது. ஒரு கிளெய்ம் போட்டா அடுத்த வருஷம் பூஜ்யத்துக்கு இறங்கிடும். "அப்ப இந்த வருஷத் தள்ளுபடிதானே போகுது"ன்னு நினைக்காதீங்க. திரும்ப ஒவ்வொரு படியா ஏறணும். அந்த மொத்த நஷ்டத்தைக் கணக்குப் பண்ணணும்.

இப்போ உங்களுக்கு 35% தள்ளுபடி இருக்குன்னு வெச்சுக்கோங்க. கிளெய்ம் போடலைன்னா அடுத்தடுத்த வருஷங்கள்ல 45, 50, 50, 50, 50. போட்டா 0, 20, 25, 35, 45. வித்தியாசத்தைக் கூட்டினா 45+30+25+15+5, மொத்தம் 120. அதாவது தள்ளுபடிக்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியத்துல 120%. ஏற்கெனவே 50%-ல இருக்கிறவங்களுக்கு இது 125%. கார் வாங்கி முதல் வருஷத்துலயே இடிச்சவங்களுக்கு வெறும் 50%தான். வருஷா வருஷம் காரோட ஐடிவி குறைய, பிரீமியமும் குறையும். அதனால நிஜ நஷ்டம் இதைவிடக் கொஞ்சம் கம்மியாத்தான் வரும்.

உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 ரூபாய்னா, 120% என்பது 12,000. அதுக்கு 18% ஜிஎஸ்டி சேர்த்தா 14,160. இதுதான் உங்க கோடு. கம்பெனி கையில இருந்து வர்ற தொகை இந்தக் கோட்டுக்குக் கீழ இருந்தா கைக்காசு போடுங்க. மேல இருந்தா கிளெய்ம் போடுங்க. பில் தொகையை வெச்சு முடிவு பண்ணாதீங்க, கம்பெனி எவ்வளவு தரும்ங்கிறதுதான் முக்கியம். ரெண்டும் வேற வேற.

ஏன் வேறன்னா, தேய்மானம். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி எல்லாத்துக்கும் காருக்கு எத்தனை வயசானாலும் 50% வெட்டு. ஃபைபர் கிளாஸ்க்கு 30%. கண்ணாடிக்கு வெட்டு இல்ல. இரும்புக்கு வயசைப் பொறுத்து: ஆறு மாசம் வரை ஒண்ணும் இல்ல, ஒரு வருஷம் வரை 5%, ரெண்டு வருஷம் வரை 10%, மூணு வரை 15%, நாலு வரை 25%, அஞ்சு வரை 35%, பத்து வரை 40%, அதுக்கு மேல 50%. பெயின்ட் பில்லுல கால்வாசியை மெட்டீரியல்னு எடுத்து, அதுல பாதியை வெட்டுவாங்க. லேபருக்கு வெட்டு கிடையாது. கடைசியா 1500 சிசி வரை உள்ள காருக்கு 1,000 ரூபாய் கட்டாயக் கழிவு, அதுக்கு மேல 2,000.

இதுல ஒரு வேடிக்கை. ரேடியேட்டர் சப்போர்ட் சில கார்ல இரும்பு, சில கார்ல பிளாஸ்டிக். வேலை ஒண்ணுதான். ஆனா ஒரு வயசு கார்ல இரும்புன்னா 5% வெட்டு, பிளாஸ்டிக்னா பாதி போச்சு. உங்க கார்ல எதுன்னு எஸ்டிமேட் போடும்போதே கேட்டுடுங்க.

ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். மூணரை வயசு சின்ன கார், ஜீரோ டெப் இல்ல. பேனல், கண்டென்சர், ரேடியேட்டர் சேர்த்து உலோகப் பாகங்கள் 19,000. பம்பர், கிரில், ஒரு ஹெட்லைட் சேர்த்து பிளாஸ்டிக் 11,000. பெயின்ட் 8,000, லேபர் 7,000, கேஸ், கூலன்ட், கிளிப்பு 2,000. மொத்தம் 47,000. உலோகத்துல 4,750 வெட்டு, பிளாஸ்டிக்ல 5,500, பெயின்ட்ல 1,000, கேஸ் கூலன்ட் 2,000 உங்க கணக்கு, கழிவு 1,000. உங்க பங்கு 14,250, கம்பெனி தர்றது 32,750. கோடு 14,160. யோசிக்கவே வேண்டாம், கிளெய்ம் போடுங்க.

அதே காருக்கு பம்பர் மட்டும் போச்சுன்னா? பம்பர் 4,000, பெயின்ட் 4,000, லேபர் 1,500, மொத்தம் 9,500. கம்பெனி தர்றது 6,000. அதுக்காக 14,000 ரூபாய்த் தள்ளுபடியை விடுறது கூறுகெட்ட வேலை. கைக்காசு போட்டுட்டு வேலையைப் பாருங்க.

ஜீரோ டெப் இருந்தா தேய்மான வெட்டு போயிடும், கோடு இன்னும் சீக்கிரம் தாண்டும். என்.சி.பி பாதுகாப்பு ஆட்-ஆன் இருந்தா கணக்கே வேற, பாலிசியில எத்தனை கிளெய்ம் வரைன்னு பாத்துக்கோங்க.

இப்போ அந்த ரெண்டாவது கட்சி. "பேனலை நிமிர்த்தி வெல்டு வெச்சுத் தரேன், எல்லாம் சேர்த்து பதினெட்டாயிரம்"னு ஒருத்தர் சொல்லுவாரு. நம்ம ஊரு டிங்கரிங் ஆட்களைக் குறை சொல்லல, நல்ல கைவேலைக்காரங்க இருக்காங்க. லேசா வளைஞ்ச கதவையோ ஃபெண்டரையோ தாராளமா குடுங்க. ஆனா மடிஞ்சு, விரிசல் விட்ட ரேடியேட்டர் சப்போர்ட்டை நிமிர்த்தி ஓட்டுறது எனக்கு ஒப்பல. பானெட் லாக் அதுலதான்னு சொன்னேன்ல? முப்பந்தல் காத்துல நூறுல போகும்போது பானெட் திறந்துக்கிட்டா யோசிச்சுப் பாருங்க. சென்சார் இருக்கிற கோணம் மாறினாலும் சிக்கல். அப்புறம் நம்ம ஊரு உப்புக்காத்து. முட்டம், குளச்சல் பக்கம் இருக்கிறவங்களுக்குத் தெரியும், வெல்டு வெச்ச இடத்துல ஆன்டி ரஸ்ட் சரியா அடிக்கலைன்னா எவ்வளவு வேகமா துரு ஏறும்னு. மிச்சம் புடிச்ச பதினாலாயிரத்துக்கு இது எல்லாம் வேணுமா மக்கா?

சரி, கிளெய்ம்னு முடிவு பண்ணியாச்சு. இடிச்ச உடனே ஸ்பாட்லயே நாலு பக்கமும் போட்டோ, நம்பர் பிளேட் தெரியுற மாதிரி. வண்டிக்கு அடியில பச்சையோ சிவப்போ கூலன்ட் ஒழுகினா ஸ்டார்ட் பண்ணாதீங்க, டோ பண்ணச் சொல்லுங்க. இது மெக்கானிக் அட்வைஸ் மட்டும் இல்ல. அடிபட்ட வண்டியை சரி பண்ணாம ஓட்டி, அதனால சேதம் கூடினா அது உங்க பொறுப்புன்னு பாலிசி நிபந்தனையிலேயே இருக்கு. பேனலுக்குக் காசு வரும், சூடேறி சீஸ் ஆன எஞ்சினுக்கு வராது. கம்பெனிக்கு அன்னைக்கே தகவல் சொல்லுங்க. கிளெய்ம் போடலாமா வேண்டாமான்னு அப்புறம் முடிவு பண்ணிக்கலாம், தகவலைத் தள்ளிப் போடாதீங்க.

சர்வேயர் வரும்போது பெரும்பாலும் பம்பர் மாட்டியே இருக்கும். அவர் வெளியில தெரியுறதை எழுதிட்டுப் போவாரு. அந்த முதல் எஸ்டிமேட்ல பேனல் இருக்காது. "கழட்டிப் பார்த்தப்புறம் கூடுதல் சேதம் இருந்தா திரும்பப் பார்க்கணும்"னு ஒர்க் ஷாப் அட்வைசர்கிட்டயும் சர்வேயர்கிட்டயும் அப்பவே சொல்லுங்க, வாட்ஸ்அப்புலயாவது எழுத்துல வெச்சுக்கோங்க. சர்வேயர் பாக்குறதுக்கு முன்னாடி எதையும் மாத்த விடாதீங்க, பழைய பேனலைத் தூக்கிப் போடவும் விடாதீங்க.

பேனலுக்கு நேரா "ரிப்பேர்"னு எழுதினா சும்மா இருக்காதீங்க. விரிசல், விட்டுப் போன வெல்டிங், லாக் விலகினது எல்லாத்தையும் க்ளோசப்ல எடுத்து, "மாத்தித்தான் ஆகணும்"னு ஒர்க் ஷாப்பையே எழுதிக் கேக்கச் சொல்லுங்க. அதுக்கும் மசியலைன்னா கம்பெனியோட குறைதீர்ப்புப் பிரிவுக்கு மெயில். 30 நாள்ல பதில் வரலைன்னாலோ, வந்த பதில் சரியில்லைன்னாலோ சென்னையில இருக்கிற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன்கிட்ட போகலாம். ஃபீஸ் கிடையாது, வக்கீல் வேண்டாம். இதுக்குன்னு லீவு போட்டு ரயில் ஏற வேண்டியதில்ல, ஆன்லைன்லயே புகார் குடுக்கலாம்.

ஒரு விஷயம். போன வருஷம் கோட்டாறு சந்துல விழுந்த கீறலையும் இதே கிளெய்ம்ல சேர்த்துடலாம்னு யாராவது ஐடியா குடுத்தா கேக்காதீங்க. பழைய துருவுக்கும் புது அடிக்கும் வித்தியாசம் சர்வேயருக்குத் தெரியும். அந்த ஒரு பொய்யால நியாயமான கிளெய்மும் சேர்ந்து மாட்டிக்கும்.

கடைசியா, பழைய கார் வாங்கப் போறவங்களுக்கு. மார்த்தாண்டம் பக்கம் கேரளா வண்டி, நம்ம டிஎன் 74, 75 எல்லாம் பளபளன்னு நிக்கும். சீட் கவரும் டச் ஸ்கிரீனும் அப்புறம் பாருங்க. முதல்ல பானெட்டைத் தூக்கி அந்தக் குறுக்குச் சட்டத்தைப் பாருங்க. போல்ட் தலையில ஸ்பேனர் பட்ட தடம், ஒரு பக்கம் மட்டும் புது பெயின்ட், புள்ளி புள்ளியா இருக்க வேண்டிய வெல்டிங் கோணல்மாணலா இருக்குறது, இதுல எது தெரிஞ்சாலும் பில்லைக் கேளுங்க. பேனலை முறையா மாத்தி பில் இருக்கிற வண்டின்னா விலையைக் கொஞ்சம் குறைச்சுப் பேசி வாங்கலாம், தப்பில்ல. "அதெல்லாம் கம்பெனி பெயின்ட்தான்"னு மழுப்பினா நடையைக் கட்டுங்க. வாங்கிட்டீங்கன்னா ஆர்சி மாத்துறதோட நிக்காம, 14 நாளுக்குள்ள இன்சூரன்ஸையும் உங்க பேருக்கு மாத்த எழுதிக் குடுங்க. பழைய ஓனரோட என்.சி.பி அவரோட போயிடும், அந்த வித்தியாசத்தைக் கட்டணும். கட்டிடுங்க. பாலிசி அவர் பேர்லயே கிடந்தா, நாளைக்கு உங்க பேனல் வளையும்போது ஓன் டேமேஜ் கிளெய்ம் கேக்க உங்களுக்கு உரிமையே இருக்காது.