நரம்பை எடுத்தாச்சு... வலி மட்டும் ஏன் பாஸ்?

பௌர்ணமி ராத்திரி 14 கிலோமீட்டர் கிரிவலம் சுத்தினா, மறுநாள் கெண்டைக்கால் கெஞ்சும். ரெண்டு மூணு நாள்ல தானா சரியாகிடும். ஆனா, வேங்கிக்கால்ல ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற நம்மாளு ஒருத்தன் ரூட் கேனால் பண்ணிட்டு வந்து, பத்து நாள் ஆகியும் கன்னத்துல கையை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா? செமஸ்டர் வேற நெருங்குது. ஸோ, இந்த வாரம் அந்த வலியோட ஜாதகத்தைப் பார்த்துடலாம்.

மொதல் டவுட்... நரம்பையே எடுத்தாச்சே, அப்புறம் எது வலிக்குது? நியாயமான கேள்வி. வயரையே உருவின பிறகு பல்பு எரிஞ்சா எந்த ட்ரிப்பிள் ஈ பையனும் முழிப்பான்! விஷயம் என்னன்னா, டாக்டர் எடுத்தது பல்லுக்கு உள்ளே இருந்த நரம்பை மட்டும்தான். வேரையும் தாடை எலும்பையும் பிணைக்க மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு. தடிமன் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர். சோத்துல கல் கடிபட்டா உடனே தகவல் சொல்றது இதுதான். சிகிச்சைக்கு அப்புறம் இது கொஞ்சம் வீங்கியிருக்கும், கடிச்சா வலிக்கும். நாளுக்கு நாள் வலி குறைஞ்சா கவலையை விடுங்க.

ஒரு வாரம் தாண்டியும் குறையலையா, இல்ல கூடுதா? காரணம் இதுல ஒண்ணா இருக்கலாம். அடைச்ச சிமென்ட் ஒரு முடி அளவு மேடா இருந்தாலே எதிர்ப்பல் அதையே இடிச்சுக்கிட்டிருக்கும். கலர் பேப்பரைக் கடிக்கச் சொல்லி, மேட்டைத் தேய்ச்சு விட்டா அஞ்சு நிமிஷத்துல வேலை முடிஞ்சது. அடுத்து, சுத்தம் பண்ணாம ஒரு கால்வாய் மிஸ் ஆகியிருக்கலாம். மேல் தாடையோட முதல் பெரிய கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவா வேர் மூணுதான், ஆனா கால்வாய் பல பேருக்கு நாலு. அந்த நாலாவது ரொம்பப் பொடிசு, சுலபத்துல கண்ணுல படாது. கேப் போடாம விட்ட பல்லுல விரிசல் விழுந்திருக்கலாம். சில சமயம் வலிக்கிறது அந்தப் பல்லே இல்லாம, பக்கத்துப் பல்லாவோ சைனஸாவோகூட இருக்கும்.

இதுல எதையுமே வலி மாத்திரை சரி பண்ணாது. மறைச்சுதான் வைக்கும். வாரக்கணக்குல முழுங்கினா வயித்துப் புண்ணு, கிட்னிக்குச் சேதாரம்னு புது அரியர் விழும். வீக்கம், காய்ச்சல் எதுவும் இல்லாத வெறும் வலிக்கு ஆன்டிபயாடிக்கும் உதவாது. பாட்டி சொல்ற கிராம்பு? அதுல இருக்கிற யூஜினாலை டாக்டர்களே தற்காலிக சிமென்ட்ல சேர்க்கிறதுண்டு. ஆனா அந்த எண்ணெய் வேர் நுனி வரைக்கும் போகாது. ஈறுல அப்பினா வெந்துபோகும்.

"திரும்பப் போனா திரும்பக் காசு கேட்பாங்களே"ங்கிற பயம் புரியுது. கூச்சப்படாம முன்னாடியே கேட்டுடுங்க. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில பல் பிரிவு இருக்கு. செலவைப் பார்த்து சுத்தத்தை மட்டும் விட்டுடாதீங்க. 2023-ல நமக்குப் பக்கத்து திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில ஒரு பல் கிளினிக் மூலமா மூளையைத் தாக்குற மெலியாய்டோசிஸ் தொற்று பரவி 8 பேர் இறந்தாங்க. ஸ்டெரிலைஸ் பண்ணாத கருவியால திறந்து, சரியா மூடாம திரும்பத் திரும்பப் பயன்படுத்தின சலைன் பாட்டில்தான் காரணம்னு 2025-ல வெளியான மருத்துவ ஆய்வு சொல்லுது. இதைக் கேட்டு டாக்டர் பக்கமே போகாம இருந்துடாதீங்க. "கருவியெல்லாம் ஸ்டெரிலைஸ் பண்ணினதா?"ன்னு கேளுங்க. நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார்.

போகும்போது ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக்கிட்டுப் போங்க: எப்ப இருந்து வலி, கடிச்சா வலிக்குதா, சூடு பட்டா வலிக்குதா, ராத்திரி எழுப்பி விடுதா. பழைய எக்ஸ்ரேவையும் மறக்காதீங்க. பாதி கண்டுபிடிப்பு அதுலயே முடிஞ்சிடும்.

ஒரே ஒரு எமர்ஜென்ஸி ரூல்: முகமோ கழுத்தோ வீங்குது, காய்ச்சல் அடிக்குது, வாய் திறக்க முடியலை, முழுங்கவோ மூச்சு விடவோ சிரமமா இருக்குன்னா, விடியட்டும்னு காத்திருக்காம அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

கடைசி ராத்திரி வரைக்கும் தள்ளிப்போடறதெல்லாம் சிலபஸோட நிறுத்திக்குவோம் மக்களே... பல்லுக்கு அது செட் ஆகாது!