எழுத்தாளர் நம் தெருவுக்கு வரட்டும்!

உழைக்கும் மக்களைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் தமிழில் இல்லையா? இருக்கின்றன. கைத்தறி நெசவாளரின் பட்டினியை ரகுநாதன் 1953-ல் ‘பஞ்சும் பசியும்’ என்ற நாவலாக எழுதினார். திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளரின் வாழ்வையும் போராட்டத்தையும் டி. செல்வராஜ் ‘தோல்’ என்ற நாவலில் எழுதினார். அதற்கு 2012-ல் சாகித்ய அகாடமி பரிசும் கிடைத்தது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவில் 44 உயிர்கள் எரிக்கப்பட்ட கொடுமையைப் பற்றியும் நாவல்கள் உண்டு.

ஆனால், நாம் ஒன்று கேட்கிறோம். தறியில் உட்காருகிறவரும், தோல் ஊறும் தொட்டியில் இறங்குகிறவரும், சேற்றில் நாற்று நடுகிற பெண்ணும் இந்த நூல்களில் எத்தனை பக்கம் படித்திருக்கிறார்கள்? படிப்பது இருக்கட்டும், பிறர் படிக்கக் காதாலாவது கேட்டிருக்கிறார்களா? யாருடைய கதையோ, அவர்களுக்கே அது எட்டவில்லை. இந்த நிலை மாற வேண்டாமா?

இலக்கியக் கூட்டங்கள் இன்று எங்கே நடக்கின்றன? பெரும்பாலும் நகரத்து மண்டபத்தில், மாலை 6 மணிக்கு. அந்த நேரத்தில் இரண்டாவது ஷிப்டுத் தொழிலாளி மில்லுக்குள் அறுந்த இழையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கிராமத்து விவசாயத் தொழிலாளி அப்போதுதான் வயலிலிருந்து கரையேறுகிறார். அப்படியே பஸ் பிடித்து வந்து சேர்ந்தாலும் அங்கே என்ன கேட்கிறார்? வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை, மறுபடியும் பொன்னாடை! எழுத்தாளர் ஏற்புரைக்கு எழுந்திருக்கும்போது கடைசி பஸ் போய்விடுகிறது. நூலிலிருந்து ஒரு பக்கம்கூட வாசிக்கப்படாமலே பல கூட்டங்கள் முடிந்துவிடுகின்றன.

மண்டபத்தில் நடப்பது நடக்கட்டும். அதை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதைப் போல இன்னொன்று நம் தெருப் படிப்பகத்திலும், சங்கக் கட்டிடத்துத் திண்ணையிலும், ஊர் நூலகத்திலும் நடக்க வேண்டும் என்கிறோம்.

இதைச் சொன்னவுடன் சில பெரிய மனிதர்கள் சிரிக்கிறார்கள். “தொழிலாளிக்கு சினிமா போதும். நாவலும் கவிதையும் அவன் மண்டையில் ஏறுமா?” என்கிறார்கள். இந்த அகம்பாவத்துக்கு நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. சரித்திரம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது.

கியூபாவின் தலைநகரான ஹவானாவில் 1865-ம் வருஷக் கடைசியில், எல் பிகாரோ என்ற சுருட்டுத் தொழிற்சாலையில் ஒரு புது வழக்கம் தொடங்கியது. ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் சுருட்டுச் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். படிப்பவருக்கு உரிய கூலியை, கேட்பவர்கள் தங்கள் கூலியிலிருந்து சேர்த்துக் கொடுத்தார்கள். நாளாவட்டத்தில் இது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. கூடத்தின் நடுவே உயர்ந்த மேடை, அதில் வாசிப்பாளர். முதலில் செய்தித்தாள், பிறகு நாவல். எந்த நாவலைப் படிப்பது என்பதைத் தொழிலாளர்களே கூடி முடிவு செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட விக்டர் ஹ்யூகோவையும் அலெக்ஸாந்தர் துய்மாவையும் காதால் கேட்டே அறிந்துகொண்டார்கள். துய்மாவின் நாவலில் வரும் மாண்டிகிறிஸ்டோ என்ற பெயர் ஒரு சுருட்டு வகைக்கே பெயராக நிலைத்துவிட்டது.

ஆளுகிறவர்கள் இதை எப்படிப் பார்த்தார்கள்? ஆறு மாதம்கூடப் பொறுக்கவில்லை. 1866 மே மாதத்தில் ஸ்பானிய கவர்னர் இந்த வாசிப்பைத் தடை செய்தார். தடை வந்ததும் போனதும் உண்டு. வாசிப்பு மட்டும் சாகவில்லை. கடல் கடந்து அமெரிக்காவின் தம்பா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளுக்கும் அது போயிற்று. அங்கே 1931-ல் முதலாளிகள் வாசிப்பாளர்களை வெளியேற்றினார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் நடந்ததைக் கேட்டிருக்கிறோம். காதால் கேட்கும் புத்தகத்துக்காகவும் உழைப்பாளிகள் வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள்! புத்தகம் அவர்களுக்குப் பொழுதுபோக்கு மட்டுமாக இருந்திருந்தால் இதைச் செய்திருப்பார்களா?

கியூபா வெகு தூரம் என்று நினைக்க வேண்டாம். மலையைத் தாண்டினால் கண்ணூர். அந்தப் பக்கத்துப் பீடிக் கூடங்களிலும் இதே வழக்கம் இருந்தது. ஒரு தோழர் பத்திரிகையும் புத்தகமும் படிப்பார். மற்றவர்கள் இலை வெட்டிக்கொண்டும் பீடி சுற்றிக்கொண்டும் கேட்பார்கள். படிக்கிறவர் அந்த நேரத்தில் பீடி சுற்ற முடியாது. அவருக்குக் கூலி குறையும். ஆகவே ஆளுக்குச் சில பீடிகளை அவர் கணக்கில் போட்டுவிடுவார்கள். படித்து முடித்ததும் விவாதம் கிளம்பும். 1969-ல் கேரள தினேஷ் பீடி கூட்டுறவு அமைந்தபோது, அதன் கூடங்களிலும் இந்த வாசிப்பு தொடர்ந்தது. முதலாளி இல்லாமல் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து ஒரு தொழிலை நடத்தினார்களே, அந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது? உலக நடப்பைக் கேட்டும் வாதாடியும் பழகியதற்கு அதில் நிச்சயமாகப் பங்கு உண்டு.

ஹவானாவையும் கண்ணூரையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு உண்மை தெளிவாகிறது. அங்கே கேட்டவர்கள் வெறும் கும்பல் அல்ல. செலவு அவர்களுடையது, புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தவர்களும் அவர்கள், படித்து முடித்ததும் பேசியவர்களும் அவர்களே. கேட்பவரே அந்த வாசிப்புக்குச் சொந்தக்காரராக இருந்தார். அதனால்தான் அது நிலைத்தது. கைதட்டுவதற்கு மட்டும் நம்மைக் கூட்டிச் சேர்க்கும் கூட்டம் ஒரு நாள் நடக்கும். இரண்டாம் நாள் நடக்காது.

நமக்கு இதற்கு உரிமை இல்லையா? உண்டு. சட்டப்படியே உண்டு. 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் பிறந்தது அதுவே முதல் தடவை. அதற்கு வித்திட்டவர் நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். அந்தச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. இன்று அது வரி ரூபாய்க்கு 10 காசு. சொந்த வீட்டுக்காரர் நேராகக் கட்டுகிறார். குடியிருப்பவர் வாடகையில் சேர்த்துக் கட்டுகிறார். ஆகவே ஊர் நூலகம் யாரோ போட்ட தர்மம் அல்ல. நம் காசில் நிற்கும் கட்டிடம். நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்பும் உண்டு. அதில் உறுப்பினராகி, “மாதம் ஒரு மாலை எங்களுக்கு வாசிப்புக் கூட்டம் வேண்டும், ஷிப்டு முடியும் நேரத்தில் கதவு திறந்திருக்க வேண்டும்” என்று கேட்க மில் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் முழு உரிமை இருக்கிறது. நாம் கேட்டோமா? கேட்காத உரிமை பெட்டிக்குள் பூட்டிய பத்திரம்தான்.

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். அங்கே 1945-ல் அம்பலப்புழையில் பி.என். பணிக்கர் முன்நின்று 47 நூலகங்களைக் கூட்டி ஒரு கிரந்தசாலைச் சங்கம் அமைத்தார். சர்க்கார் செய்யட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ஊரார் சேர்ந்து அலமாரி வைத்தார்கள். பிறகு சர்க்காரை உதவ வைத்தார்கள். அவர் மறைந்த ஜூன் 19 இன்று அங்கே வாசிப்பு நாள்.

“எட்டு மணி நேரம் நின்று, கால் கடுத்து வருகிறோம். வீட்டிலே டெலிவிஷன் இருக்கிறது, கையிலே செல்போன் இருக்கிறது. யார் வந்து உட்காருவார்கள்?” என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. களைப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் செல்போன் பேசும். நாம் எதிர்க்கேள்வி கேட்டால் காதில் வாங்குமா? நாவலாசிரியர் நம் எதிரே உட்கார்ந்திருக்கிறார். “நீங்கள் எழுதிய மில்லில் இழை இப்படி அறுவதில்லையே, ஐயா!” என்று ஒரு தொழிலாளி எழுந்து சொல்கிறார். அங்கே இரண்டு பேரும் கற்றுக்கொள்கிறார்கள். எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய பொன்னாடை உண்டா?

எப்படிச் செய்வது? பெரிய திட்டம் தேவையில்லை. மாதம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம் போதும். ஷிப்டு மாறுவதைப் பார்த்து நாளை வைக்க வேண்டும். நடவும் அறுவடையும் மும்முரமாக இருக்கும் மாதத்தில் கிராமத்தில் வைக்கக் கூடாது. அடுத்த மாதம் எந்தப் புத்தகம் என்பதை வந்திருப்பவர்கள் கைதூக்கி முடிவு செய்யட்டும். முதல் அரை மணி வாசிப்பு. தெளிவாக, நிறுத்தி, உரக்க. மீதி நேரம் முழுவதும் கேட்டவர்கள் பேசட்டும். எழுத்தாளர் வந்தால் அவர் கடைசியில் பேசட்டும். அவர் வர இயலாவிட்டாலும் வாசிப்பு நின்றுவிடக் கூடாது. நம்மிலே நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒரு பெண்ணோ இளைஞனோ படிக்கட்டும். தலைவர், முன்னிலை, மாலை, சால்வை எதுவும் வேண்டாம். அந்தக் காசில் இரண்டு புத்தகம் வாங்கிப் படிப்பக அலமாரியில் வைக்கலாம். எழுத்தாளருக்கு பஸ் கட்டணமும் ஒரு வேளைச் சாப்பாடும் நம் பொறுப்பு. ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் தீர்ந்தது.

பெண்களை மறந்தால் பாதித் தெருவை மறந்ததாகும். இன்று மில்லிலும் வயலிலும் பெண்கள் பெருவாரியாக உழைக்கிறார்கள். வேலை முடிந்து வந்து அடுப்பையும் அவர்களே பற்ற வைக்கிறார்கள். அவர்களால் வர முடிகிற நேரம் எது என்று அவர்களையே கேட்டு நேரம் குறியுங்கள். அன்றைக்கு மட்டுமாவது ஆண்கள் குழந்தையைப் பார்த்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? மில் விடுதிகளில் அடைபட்டிருக்கும் இளம் பெண்கள் வெளியே வந்து இப்படிப்பட்ட வாசிப்பில் கலந்துகொள்ள அனுமதி வேண்டும் என்பதையும் சங்கக் கோரிக்கைகளோடு சேர்க்க வேண்டும்.

இன்னொன்றையும் நினைவில் வைப்போம். களத்து வேலையிலேயே காலம் கழிந்து, எழுத்தறியாமல் போன பெரியவர்கள் நம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அச்சடித்த புத்தகம் அவர்களுக்குப் பூட்டிய வீடு. உரக்கப் படிக்கும் ஒரு குரல்தான் அதற்குச் சாவி. அவர்கள் இருக்கும்போதே அந்த வீட்டைத் திறந்துவிட வேண்டிய கடமை, நாலு எழுத்துப் படித்த நம் எல்லோருக்கும் உண்டு.

தோழர்களே! வருகிற சங்கக் கூட்டத்தில் சந்தாக் கணக்கு முடிந்ததும் இந்த விஷயத்தை எடுங்கள். இடம், நாள், முதல் புத்தகம், அதைப் படிக்கப் போகிறவர் பெயர்: இந்த நான்கையும் அன்றைக்கே தீர்மானித்து நோட்டில் எழுதுங்கள். முதல் கூட்டத்துக்குப் பத்துப் பேர்தான் வந்தார்கள் என்றால் சோர்ந்துவிடாதீர்கள். அந்தப் பத்துப் பேரில் எத்தனை பேர் வாய் திறந்து பேசினார்கள் என்று கணக்குப் பாருங்கள்.