ஆறில்லாத தீவும் ஆற்றணை நகரமும்

அயல்நாட்டுப் பயணத்தின் நடுவே ஓரிரவு மட்டும் தங்கக் கிடைக்கும் நகரத்தை எவ்வாறு பார்ப்பது என்ற வினா இன்று யாழ்ப்பாணத்தவர்க்குப் புதிதன்று. பிள்ளைகளைக் காணக் கனடாவுக்கும் நோர்வேக்கும் செல்லும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், மேற்படிப்புக்காகப் புறப்படும் மாணவர்களும் இடைவழியில் அம்ஸ்ரர்டாம் நகரில் இறங்க நேர்வதுண்டு. “ஓரிரவில் என்னென்ன பார்க்கலாம்?” என்பதே அவர்கள் முதலிற் கேட்பது. பயண நூல்கள் இதற்கு விடையாக இருபது இடங்களை அடுக்கிக் காட்டும். இருபதையும் ஓடியோடிப் பார்த்தவர், வீடு திரும்பியபின் ஒன்றையேனும் பிறர்க்கு விளங்கச் சொல்ல மாட்டார். ஓரிரவு தங்குபவர் ஒரேயொரு கேள்வியைக் கையிற் கொண்டு போதல் வேண்டும் என்பது என் துணிபு. நமக்குரிய கேள்வி இது: நம்மை 137 ஆண்டுகள் ஆண்டவர்கள் எங்கிருந்து ஆண்டார்கள்?

ஒல்லாந்தர் 1658 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். 1795 இல் ஆங்கிலேயரிடம் அதை இழந்தனர். இடைப்பட்ட காலத்தில் நம் தீவுகளுக்குத் தம் ஊர்ப் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. வேலணை லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டர்டாம் என்றாயின. இன்று காரைநகர் என்று நாம் வழங்கும் காரைதீவுக்கு அவர்கள் இட்ட பெயர் அம்ஸ்ரர்டாம்!

அம்ஸ்ரல் என்னும் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணையைச் சுற்றி எழுந்தமையால் அந்த ஐரோப்பிய நகரம் அப்பெயர் பெற்றது. ஆறே இல்லாத, நல்ல தண்ணீருக்கு ஏங்கும் தீவொன்றுக்கு ‘ஆற்றணை’ என்று பெயரிட்டுச் சென்றவர்களை எண்ணும்போது சிரிப்பு வருகின்றது. பெயரிடும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதை எண்ணும்போது அச்சிரிப்பு அடங்கிவிடுகின்றது. மற்றைப் பெயர்கள் பெரும்பாலும் வழக்கொழிந்தன. டெல்வ்ற் மட்டும் நெடுந்தீவின் மறுபெயராக இன்றும் நிலைத்திருக்கின்றது.

பயணத்துக்கு முன் முடிக்கவேண்டிய காரியம் ஒன்றுண்டு. இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர் நகருக்குள் செல்ல ஷெங்கன் விசா பெறுதல் வேண்டும்; நிலையத்தை விட்டு வெளியேறாது விமானம் மாறுவதற்குக்கூடப் பொதுவாக இடைவழி விசா கேட்கப்படும். 1658 இல் வந்தவர்கள் நம் முன்னோரிடம் விசா கேட்டு நிற்கவில்லை என்று முணுமுணுப்பதால் பயனில்லை. காலத்தோடு விண்ணப்பிப்பதே அறிவுடைமை.

ஸ்கிப்போல் விமான நிலையத்திலிருந்து புகையிரதம் ஏறினால் ஏறத்தாழக் கால்மணி நேரத்தில் நகரின் நடு நிலையத்தை அடையலாம். மாலை ஐந்து மணிக்கு அரும்பொருட்சாலை மூடப்பட்டுவிடும். அதற்காக வருந்த வேண்டுவதில்லை. மாலைப்பொழுது கால்வாய்களுக்கு உரியது. 1613 ஆம் ஆண்டு தொடக்கம் வெட்டப்பட்ட மூன்று பெருங்கால்வாய்கள், கனவான்கள், பேரரசன், இளவரசன் என்போர் பெயரால், பழைய நகரை வளைத்துக் கிடக்கின்றன. கரையோர வீடுகள் ஒடுங்கி உயர்ந்தவை. பலவற்றின் உச்சியில் ஓர் உத்தரம் வெளியே நீண்டிருக்க, அதில் கொளுக்கி தொங்கும். பண்டங்களைக் கயிறு கட்டி மேன்மாடிக்கு ஏற்றுவதற்கு அமைந்தது அது. அழகைக் கண்டு மகிழ்வதோடு, அந்த அழகுக்கு முதல் எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்கும் அக்கொளுக்கி நம்மைத் தூண்டவேண்டும்.

அங்கிருந்து பழைய உயர்தெருவுக்கு நடந்தால், 1606 இல் கட்டத் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பனி மாளிகையைக் காணலாம். இன்று அது பல்கலைக்கழகத்தின் உடைமை. கம்பனியின் பதினேழு பேர் கொண்ட பேரவை கூடிய இடங்களுள் அது தலையாயது. அவர்களுட் பெரும்பாலோர் கீழைத் தேசங்களைக் கண்ணாற் கண்டவரல்லர். வன்னி யானைகளும் தீவகத்துச் சாயவேரும் அவர்களுக்குக் கணக்கேட்டின் வரிகளாகவே தோன்றியிருக்கும். சுற்றுலாக் கூட்டம் மிகுதியாக நாடாத இந்த முற்றத்தில் அரைமணி நேரம் நிற்பது, படகிலேறி ஊர் சுற்றுவதினும் நமக்குப் பயன் தரும்.

மறுநாட் காலையில் ஒன்பது மணிக்கு றைக்ஸ் அரும்பொருட்சாலை திறக்கும். அங்கே தமிழகத்திலிருந்து சென்ற 12 ஆம் நூற்றாண்டுச் செப்புத் திருமேனியாகிய நடராசரைக் காணலாம். கண்டி அரண்மனையிலிருந்து 1765 இல் கொள்ளையாக எடுத்துச் செல்லப்பட்ட அணிமிகு பீரங்கி அங்கு இப்போது இல்லை. 2023 இல் அது இலங்கைக்குத் திருப்பி அளிக்கப்பட்டது. இருப்பதையும் இல்லாததையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர்க்கே அரும்பொருட்சாலை பேசும். நேரம் எஞ்சினால் அணைச் சதுக்கத்து அரண்மனைக்குச் செல்லலாம். நகர மண்டபமாக 1648 இல் தொடங்கப்பட்ட அக்கட்டடம், சேற்றுநிலத்தில் அறைந்த 13,659 மரக்கம்பங்களின் மேல் நிற்கின்றது. உள்ளே பெருமண்டபத் தரையில் உலகப்படம் பளிங்கிற் பதிக்கப்பட்டுள்ளது. நகரத்தார் உலகின் மேல் நடந்தார்கள் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ! அரச வைபவ நாட்களில் அது மூடப்படும். முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுதல் நன்று.

“அடக்கி ஆண்டவர் நகரத்தை நாம் ஏன் தேடிப்போய்ப் பார்க்கவேண்டும்?” என்று சில அன்பர்கள் வினவலாம். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் சைவர்தம் வழிபாடும் கத்தோலிக்கர்தம் வழிபாடும் ஒடுக்கப்பட்டன. அதனை மறைத்து அவர்களைப் புகழ்பாடுதல் தகாது. ஆனால் நம் வாழ்விலிருந்து அவர்களைத் தனியே பிரித்தெடுத்தலும் எளிதன்று. தபாற் கந்தோருக்குப் போகிறோம். மேசை லாச்சியைத் திறக்கிறோம். கந்தோரும் லாச்சியும் ஒல்லாந்தச் சொற்கள். நம் காணி, சீதனம், முதுசொம் பற்றிய தேசவழமை, திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரால் தொகுக்கப்பட்டு, தமிழ் முதலியார் பன்னிருவர் பார்வையிட்ட பின்னர் 1707 இல் சட்டமாயிற்று. இன்றும் நம் நீதிமன்றங்களில் அது நிலவுகின்றது. யாழ்ப்பாணத்தில் ஊழியஞ் செய்த பல்டேயஸ் பாதிரியாரின் பெருநூல் 1672 இல் அம்ஸ்ரர்டாமில் அச்சேறியது. நம்மூர்த் தேவாலயங்களின் படங்களும் தமிழ் எழுத்துகளும் அந்நூலில் உள்ளன. நம்மைப் பற்றி எழுதப்பட்ட ஒரு பக்கம் அந்நகரத்தில் இருக்கின்றது. எழுதியவர் அயலார் என்பதற்காக, படிக்கும் உரிமையை நாம் கைவிடலாமா?

எனினும் இத்திட்டத்தின் முதற்பகுதி அம்ஸ்ரர்டாமில் தொடங்குவதன்று. பண்ணைக் கடலோரத்தில் தொடங்குவது. போர்த்துக்கேயரின் நாற்கோணக் கோட்டையை ஒல்லாந்தர் ஐங்கோணமாக மாற்றிக் கட்டினர். அதனுள் 1706 இல் எழுந்த தேவாலயம், 1990 இல் நடந்த போரில் இடிந்து தரைமட்டமாயிற்று. 2009 இல் போர் முடிந்த பின்னர் நெதர்லாந்து அரசின் உதவியோடும் கோட்டையின் சுவர்கள் சீர்செய்யப்பட்டு வந்தன. கட்டியவர், சிதைத்தவர், திருத்தியவர் என மூவர் கதையும் ஒரே சுவரில் எழுதியிருக்க, நம் மாணவர் பலர் அதன்மேல் நின்று படம் எடுத்துக்கொள்வதோடு திரும்பிவிடுகின்றனர். அந்தச் சுவரைப் படிக்கக் கற்றவர்க்கு அந்நியக் கால்வாய்க் கரையும் படிக்கத்தக்க ஏடாகும். கல்லாதவர்க்கு ஒரு திங்கள் தங்கினும் அது தண்ணீரும் பாலமுமேயாம்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாடு செல்லும் மாணவரிடம் பரிசுப்பொருள் வாங்கி வரும்படி சொல்லாதீர்கள். புறப்படுமுன் ஒருநாள் கோட்டையையும் காரைநகர்க் கடற்கோட்டையையும் காட்டுங்கள். திரும்பி வரும்போது, “அங்கிருந்து பார்க்க நம்மூர் எப்படித் தெரிந்தது?” என்று ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். நம்மைப் பற்றி அவர்கள் எழுதிவைத்த ஏடுகள் ஏராளம். அவர்களைப் பற்றி நாம் எழுதவேண்டிய ஏடு இன்னும் வெறுமையாகக் கிடக்கின்றது.